நல்ல ஆட்டம் தோற்கும்போது

ஒரு போக்கர் மேசை. ஒருவர் கையில் இரண்டு ஏஸ். எதிரே இருப்பவர் கையில் இரண்டு ராஜா. பொதுச் சீட்டு ஒன்றுகூட இன்னும் திறக்கப்படவில்லை. அதற்குள் இருவரும் கையிருப்பு முழுவதையும் நடுவில் தள்ளிவிட்டார்கள். டெக்சாஸ் ஹோல்டெம் எனப்படும் இந்த ஆட்டத்தில் ஏஸ் ஜோடியைவிடப் பெரிய தொடக்கக் கை கிடையாது. சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒருமுறைதான் அது ஒருவருக்கு வரும். அதை வைத்து எல்லாவற்றையும் கட்டியவர் செய்தது முழுக்கச் சரி. ஆனாலும் இதே நிலை 100 முறை அமைந்தால், ஏறத்தாழ 18 முறை ராஜா வைத்திருப்பவரே பணத்தை அள்ளிச் செல்வார்.

அப்படித் தோற்றவர் என்ன பாடத்தோடு வீடு திரும்புகிறார்? ‘ஏஸ் ஜோடி வந்தாலும் இவ்வளவு துணியக் கூடாது’ என்று முடிவுகட்டினால் அவர் ஆட்டம் அன்றிலிருந்து கெடும். ராஜாவால் ஜெயித்தவர் தன் சாமர்த்தியத்தால்தான் பணம் வந்தது என்று நம்பினால் அவர் ஆட்டமும் கெடும். ஒரே ஆட்டம் இருவருக்கும் பொய் சொல்லியிருக்கிறது.

சரியாக ஆடியவர் தோற்கவும் தவறாக ஆடியவர் ஜெயிக்கவும் கூடிய ஒன்றில் ஒருவர் எப்படித்தான் தேர்ச்சி பெறுகிறார்? ஏறத்தாழ நூறாண்டாகக் கணிதவியலாளர்களும், பின்னர் உளவியலாளர்களும் கணினி விஞ்ஞானிகளும் போக்கரை விடாமல் ஆராய்ந்து வந்ததற்கு இந்தக் கேள்வி ஒரு முக்கியக் காரணம். அவர்கள் கண்ட விடை சீட்டு மேசையோடு நிற்பதில்லை.

உதவும் களம், ஏமாற்றும் களம்

கேரம் பழகுகிறவரைப் பாருங்கள். ஸ்ட்ரைக்கரைச் சுண்டுகிறார்; காய் குழியில் விழுகிறது, அல்லது ஓரத்தில் பட்டுத் திரும்புகிறது. அடி எங்கே பிசகியது என்பது அந்த நொடியே தெரிந்துவிடுகிறது. அடுத்த அடியில் கை தானாகத் திருத்திக்கொள்கிறது. ராபின் ஹோகார்த் என்ற உளவியலாளர் இத்தகைய களங்களை உதவும் கற்றல் சூழல் என்று வகைப்படுத்தினார். செயலுக்கு ஏற்ற விளைவு, உடனே, தெளிவாக வரும். இதற்கு நேர்மாறானது ஏமாற்றும் சூழல். அங்கே விளைவு தாமதமாக வரும், அரைகுறையாக வரும், சில வேளை தலைகீழாகவும் வரும். அத்தகைய களத்தில் அனுபவம் கூடக் கூடத் தன்னம்பிக்கை வளரும். திறமை வளரும் என்பதற்கு உறுதியில்லை.

உளவியலாளர்கள் டேனியல் கானமனும் கேரி கிளைனும் 2009-இல் சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரையும் இதையே வலியுறுத்தியது. உள்ளுணர்வை எப்போது நம்பலாம் என்பதில் இருவரும் எதிரெதிர்ச் சிந்தனைப் பள்ளிகளைச் சேர்ந்தவர்கள். அவர்கள் ஒத்துப்போன இடம் இதுதான்: களத்தில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும், அந்த ஒழுங்கைக் கற்கத் தெளிவான பின்னூட்டமும் கிடைக்க வேண்டும். இரண்டும் இருந்தால்தான் அனுபவசாலியின் உள்ளுணர்வை நம்ப முடியும்.

போக்கரில் ஒழுங்கு உண்டு. பின்னூட்டம்தான் கலங்கலாக வருகிறது. ஆட்டத்தின் அமைப்பைப் பார்த்தால் காரணம் புரியும். 52 சீட்டு. ஒவ்வொருவருக்கும் மூடிய சீட்டு இரண்டு. மேசை நடுவில் எல்லாருக்கும் பொதுவாக முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியாக ஒன்று. இடையே நான்கு பந்தயச் சுற்றுகள். இறுதிவரை நின்றவர்கள் சீட்டைத் திறக்க, ஏழில் சிறந்த ஐந்தைக் கொண்டு பெரிய கை ஜெயிக்கும். ஆனால் ஒருவர் கட்டிய பணத்துக்கு ஈடுகட்டாமல் மற்ற எல்லாரும் சீட்டைக் கவிழ்த்து விலகிவிட்டால், மிஞ்சியவர் தன் சீட்டைக் காட்டாமலே தொகையை எடுத்துக்கொள்ளலாம்.

இதனால் பின்னூட்டம் இரண்டு வழியில் கெடுகிறது. அடுத்து வரும் சீட்டு யார் கையிலும் இல்லை. அது நல்ல தீர்மானத்தைத் தோற்கடிக்கலாம். நீங்கள் விலகிய ஆட்டத்தில் எதிராளியிடம் என்ன இருந்தது என்பது பெரும்பாலும் தெரியாமலே போய்விடும். அந்த விலகல் சரியா தவறா என்று சொல்ல மேசையில் ஆளில்லை.

போதாக்குறைக்கு மனித மனமும் விளைவின் பக்கம் சாய்ந்தே நிற்கிறது. ஜொனாதன் பேரனும் ஜான் ஹெர்ஷியும் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவர்கள் எடுத்த தீர்மானங்களைப் பங்கேற்பாளர்களிடம் மதிப்பிடச் சொன்னார்கள். தீர்மானமும் அதற்கான காரணங்களும் ஒன்றே. விளைவு மட்டும் வேறு. நோயாளி பிழைத்ததாகச் சொன்னால் தீர்மானத்துக்கு நல்ல மதிப்பெண் விழுந்தது. இறந்ததாகச் சொன்னால் குறைந்தது. தீர்மானித்த வேளையில் மருத்துவருக்குத் தெரிந்திருக்கவே முடியாத ஒன்றை வைத்து அவரை எடைபோட்டார்கள். போக்கர் ஆடுகிறவர் இந்தப் பிழையை ஒவ்வோர் ஆட்டத்திலும் தன்மீதே செய்துகொள்கிறார்.

37 முறை தோற்கும் சரியான தீர்மானம்

கலங்கலுக்கு அடியில் இருக்கும் ஒழுங்கை எளிய கணக்கு ஒன்றிலிருந்து தொடங்கலாம். உங்கள் கையில் இரண்டு ஹார்ட்டின். மேசையில் திறந்த நான்கு சீட்டில் இன்னும் இரண்டு ஹார்ட்டின். ஐந்தாவதாக ஒரு ஹார்ட்டின் விழுந்தால் ஒரே இனத்தில் ஐந்து சீட்டு சேரும், அது ஃப்ளஷ். ஃப்ளஷ் அமைந்தால் நீங்கள் ஜெயிப்பீர்கள், இல்லாவிட்டால் தோற்பீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்குத் தெரிந்தவை ஆறு சீட்டு, தெரியாதவை 46. அவற்றில் ஹார்ட்டின் 9. ஆக வாய்ப்பு 46-க்கு 9, அதாவது 19.6 சதவீதம்.

நடுவில் 200 ரூபாய் இருக்கிறது. எதிராளி 40 ரூபாய் கட்டுகிறார். 240 ரூபாயை வெல்ல நீங்கள் 40 ரூபாய் போட வேண்டும். எல்லாம் சேர்ந்தால் 280. அதில் உங்கள் 40 என்பது 14.3 சதவீதம். உங்கள் வாய்ப்போ 19.6. எனவே கட்டலாம். இதே நிலை 46 முறை வந்து, 46 சீட்டும் தலைக்கு ஒருமுறை விழுகிறது என்று கொள்ளுங்கள். 9 முறை 240 ரூபாய் வீதம் வரவு 2,160. 37 முறை 40 ரூபாய் வீதம் செலவு 1,480. மிச்சம் 680 ரூபாய். ஓர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 15 ரூபாய்.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். 46-இல் 37 முறை நீங்கள் பணத்தை இழக்கிறீர்கள். பக்கத்தில் இருப்பவர் பார்த்தால், ‘இவருக்கு எப்போது விலகுவது என்றே தெரியவில்லை’ என்பார். ஆனாலும் கட்டியது சரி. அதே மேசையில் நடுவில் 100 ரூபாய் இருந்து எதிராளி 50 கட்டியிருந்தால், 150-ஐ வெல்ல 50 போட வேண்டும். தேவை 25 சதவீதம். அப்போது கட்டுவது பிழை. அப்படிக் கட்டி ஹார்ட்டின் விழுந்து ஜெயித்தாலும் பிழைதான். தீர்மானத்தின் தரம் அதை எடுத்த நொடியிலேயே உறுதியாகிவிடுகிறது. பிறகு விழும் சீட்டு அதை மாற்றாது.

இந்தச் சதவீதங்களை மேசையில் அமர்ந்து வகுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. உதவும் சீட்டுகளின் எண்ணிக்கையை, இன்னும் ஒரு சீட்டு வரவிருந்தால் 2 ஆலும், இரண்டு சீட்டு வரவிருந்தால் 4 ஆலும் பெருக்கினால் ஏறக்குறைய விடை கிடைக்கும். 9 சீட்டுக்கு 18, 36. உண்மையான விடைகள் சுமார் 20, 35. போக்கர் கற்பவர்கள் முதல் வாரங்களில் மனப்பாடமாக்கும் வாய்பாடு இது.

பொய்யின் கணிதம்

கையில் ஒன்றும் இல்லாமலே பெரிய கை இருப்பதுபோல் பணம் கட்டுவதை ப்ளஃப் என்பார்கள். முகத்தை மறைத்துக்கொண்டு செய்யும் துணிச்சல் வேலை என்றுதான் பலரும் அதை நினைக்கிறார்கள். கணிதவியலாளர் ஜான் வான் நாய்மன் அதில் கணிதத்தைக் கண்டார். இருவர் எதிரெதிராக மோதும் ஆட்டங்களுக்கான அடிப்படைத் தேற்றத்தை அவர் 1928-இல் வெளியிட்டார். பிறகு 1944-இல் ஆஸ்கர் மார்கன்ஸ்டர்னோடு சேர்ந்து எழுதிய பெருநூலில் போக்கருக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கினார். அளவோடு ப்ளஃப் செய்யாதவரின் ஆட்டம் குறைபட்ட ஆட்டம் என்பதை அவர் கணக்கால் காட்டினார்.

1950-இல் ஹெரால்ட் கூன் அமைத்த மூன்று சீட்டுப் போக்கரில் இதை நாமே சரிபார்க்கலாம். ராஜா, ராணி, ஜாக்கி, மூன்றே சீட்டு. இரண்டு பேர். ஆளுக்கொரு நாணயம் நடுவில். ஆளுக்கொரு சீட்டு கையில். அதன்மேல் கட்டக்கூடியது ஒரே ஒரு நாணயம். முதலாமவர் கட்டாமல் ஆட்டத்தை இரண்டாமவரிடம் விடுகிறார். இரண்டாமவர் கையில் ராஜா இருந்தால் கட்டுவார். ஜாக்கி இருந்தால்? நேராகச் சீட்டைத் திறந்தால் தோல்வி நிச்சயம்.

ஜாக்கியோடு அவர் ஒருபோதும் கட்டாவிட்டால், ராணி வைத்திருக்கும் முதலாமவர் ஒவ்வொரு முறையும் பத்திரமாக விலகிவிடுவார். ராஜாவால் கூடுதலாக ஒரு நாணயமும் சம்பாதிக்க முடியாது. ஜாக்கியோடு எப்போதும் கட்டினால், ராணிக்காரர் எப்போதும் ஈடுகட்டிப் பிடித்துவிடுவார். சரியான அளவு மூன்றில் ஒரு முறை. காரணம் முன்பு போட்ட அதே கணக்கு. நடுவில் 2 நாணயம், கட்டியது 1. 3-ஐ வெல்ல ராணிக்காரர் 1 போட வேண்டும். நான்கில் ஒரு முறை ஜெயித்தால் அவருக்குச் சமன். ராஜாவோடு எப்போதும், ஜாக்கியோடு மூன்றில் ஒரு முறை என்று கட்டினால், கட்டியவற்றில் சரியாக நான்கில் ஒன்று ப்ளஃப். அப்போது ராணிக்காரர் ஈடுகட்டினாலும் விலகினாலும் பலன் ஒன்றே. இந்த ஆட்டத்தை முற்றிலும் சரியாக ஆடும் இரண்டாமவருக்கு, எதிரில் யார் உட்கார்ந்தாலும், ஆட்டத்துக்குச் சராசரியாக ஒரு நாணயத்தின் 18-இல் ஒரு பங்காவது கிடைக்கும்.

எதிராளியின் முகத்தைப் படிக்காமல், அவர் யாரென்றே தெரியாமல் ஆடினாலும் தோற்காத ஒரு முறை இருக்கிறது. அதைக் கணக்கிட்டே கண்டுபிடிக்கலாம் என்பது இதன் பொருள். படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியது போக்கரில் நிறைய உண்டு என்பதற்கு முதல் சான்று இதுவே.

அனுபவம் ஏன் போதாது?

‘ஆடிக்கொண்டே இருந்தால் தானாக வந்துவிடாதா?’ என்று கேட்கலாம். அதையும் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒவ்வோர் ஆட்டத்திலும் முறை வைத்துக் கட்டாயமாகக் கட்ட வேண்டிய தொகை ஒன்று உண்டு. அதற்கு பிக் பிளைண்ட் என்று பெயர். ஆட்டக்காரரின் தேர்ச்சியை 100 ஆட்டத்துக்கு எத்தனை பிக் பிளைண்ட் சம்பாதிக்கிறார் என்று அளப்பது வழக்கம். நம் ஆட்டக்காரர் 100 ஆட்டத்துக்கு 5 சம்பாதிக்கும் திறன் உள்ளவர் என்று கொள்வோம்; அது நல்ல தேர்ச்சி. ஏற்ற இறக்கத்தின் அளவை, அதாவது திட்ட விலக்கத்தை, 100 ஆட்டத்துக்கு 90 பிக் பிளைண்ட் என்று எடுத்துக்கொள்வோம். பந்தயத்துக்கு உச்சவரம்பில்லாத ஹோல்டெமில் இது சாதாரணமாகக் காணும் அளவு.

10,000 ஆட்டத்துக்குப் பின் அவர் 500 லாபத்தில் இருக்க வேண்டும். ஆனால் அதிர்ஷ்டத்தின் அலைவு மட்டுமே 900. இத்தனை திறமை இருந்தும் அவர் அப்போது நஷ்டத்தில் நிற்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 29 சதவீதம். இதே அளவு மோசமாக ஆடும் ஒருவர் லாபத்தில் நிற்பதற்கான வாய்ப்பும் அதே 29 சதவீதம். நேரில் ஆடும் மேசையில் மணிக்குச் சுமார் 30 ஆட்டம் நடக்கும். 10,000 ஆட்டம் என்றால் 330 மணி நேரத்துக்கும் மேல். வாரம் 10 மணி நேரம் ஆடினால் எட்டு மாதம் ஓடிவிடும். அப்போதும் பணப்பையைப் பார்த்து ‘நான் நன்றாக ஆடுகிறேனா?’ என்ற கேள்விக்கு விடை சொல்ல முடியாது. 1,00,000 ஆட்டத்தில் அந்த 29 சதவீதம் 4 ஆகக் குறையும். அதற்கு அதே வேகத்தில் ஆறு ஆண்டுக்கு மேல் ஆகும்.

திறமை இல்லை என்று இதற்குப் பொருளல்ல. பொருளியலாளர்கள் ஸ்டீவன் லெவிட்டும் தாமஸ் மைல்ஸும் 2010-ஆம் ஆண்டின் உலகப் போக்கர் தொடரை ஆராய்ந்தார்கள். முந்தைய சாதனைகளைக் கொண்டு, தொடருக்கு முன்பே தேர்ந்தவர்கள் என அடையாளம் காணப்பட்டவர்கள் 720 பேர். அவர்கள் போட்ட நுழைவுத் தொகைக்குச் சராசரியாக 30 சதவீதத்துக்கு மேல் லாபம் ஈட்டினார்கள். மற்ற அனைவரும் சேர்ந்து சராசரியாக 15 சதவீதத்துக்கு மேல் இழந்தார்கள். பலரைச் சேர்த்துப் பார்க்கும்போது பளிச்சென்று தெரியும் திறமை, ஒருவர் தன் ஒரு மாத ஆட்டத்தைத் திரும்பிப் பார்க்கும்போது தெரிவதில்லை.

இயந்திரம் வருந்தக் கற்ற விதம்

இந்தக் கலங்கலிலிருந்து வெளியேற முதலில் முறையான வழி கண்டவை கணினி நிரல்கள். கனடாவின் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழக ஆய்வுக் குழு 2007-இல் ஒரு முறையை முன்வைத்தது. நிரல் தன்னோடு தானே ஆடும். ஒவ்வொரு தீர்மானப் புள்ளியிலும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொள்ளும்: ‘நான் செய்யாமல் விட்ட வழியைத் தேர்ந்திருந்தால் எவ்வளவு கூடுதலாகக் கிடைத்திருக்கும்?’ அந்த வித்தியாசத்துக்குக் கணினியியலில் வருத்தம் என்றே பெயர். எதிராளியிடம் இருக்கக்கூடிய எல்லாச் சீட்டுகளையும், அடுத்து வரக்கூடிய எல்லாச் சீட்டுகளையும் கணக்கில் கொண்டு வருத்தம் கூட்டப்படும். எந்த வழியைத் தேர்ந்தெடுக்காததற்கு வருத்தம் அதிகமோ, அந்த வழியை நிரல் அடுத்த முறை அதிகமாகத் தேர்ந்தெடுக்கும். இதைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது சராசரி ஆட்டம் குறையற்ற ஆட்டத்தை நெருங்கும் என்பது கணித நிரூபணம்.

2015 ஜனவரியில் அதே பல்கலைக்கழகத்தின் மைக்கேல் பௌலிங் குழு, இருவர் ஆடும், பந்தய அளவு வரையறுக்கப்பட்ட ஹோல்டெமைத் தீர்த்துவிட்டதாக ‘சயின்ஸ்’ இதழில் அறிவித்தது. நிரலின் பெயர் செஃபியஸ். சுமார் 13.8 லட்சம் கோடி தீர்மானப் புள்ளிகள், 4,800 கணினிச் செயலிகள் (CPU), 68 நாள் ஓட்டம். ஒருவர் வாழ்நாள் முழுக்க அதோடு ஆடினாலும் அதன் குறையைப் புள்ளியியல் உறுதியோடு கண்டுபிடிக்க முடியாது என்ற அளவுக்குத் துல்லியம்.

பந்தயத்துக்கு வரம்பில்லாத ஆட்டம் இன்னும் பெரிய மலை. 2015-இல் பிட்ஸ்பர்கின் ரிவர்ஸ் கேசினோவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கிளாடிகோ நிரல், தொழில்முறை ஆட்டக்காரர்கள் நால்வரோடு 80,000 ஆட்டம் ஆடி 7,32,713 டாலர் மதிப்புள்ள சில்லுகளை இழந்தது. அதே இடத்துக்கு 2017 ஜனவரியில் அதே பல்கலைக்கழகத்தின் டுவோமாஸ் சாண்ட்ஹோமும் நோம் பிரவுனும் லிப்ராடஸ் என்ற புதிய நிரலோடு வந்தார்கள். 20 நாள், 1,20,000 ஆட்டம். அதிர்ஷ்டத்தின் பங்கைக் குறைக்க, ஓர் அறையில் நிரலுக்கு வந்த சீட்டு மற்றோர் அறையில் மனிதருக்கு வரும்படி ஆட்டங்கள் இரட்டையாக நடத்தப்பட்டன. விளைவை அப்படியே நம்பக் கூடாது என்பதை அந்தப் போட்டியின் அமைப்பே ஒப்புக்கொண்டது. லிப்ராடஸ் 17,66,250 டாலர் மதிப்புள்ள சில்லுகளை வென்றது.

பகலில் மனிதர்கள் அதன் ஆட்டத்தில் ஓட்டைகளைத் தேடிப் பலவித அளவில் பந்தயம் கட்டினார்கள். இரவில் லிப்ராடஸ், தனக்குத் தெளிவான விடையில்லாத பந்தய அளவுகளில் அடிக்கடி எதிர்ப்பட்டவற்றைப் பொறுக்கியெடுத்து, அவற்றுக்கான விடையைக் கணக்கிட்டுச் சேர்த்துக்கொண்டது. அன்று எவ்வளவு ஜெயித்தோம் என்பது இரவு வேலையைத் தீர்மானிக்கவில்லை. எங்கே பலவீனம் என்பதே தீர்மானித்தது. மனிதர்கள் கடன் வாங்க வேண்டிய பழக்கம் இது.

மேசைக்கு வெளியே நடக்கும் பயிற்சி

திறமை பற்றிய ஆய்வுகளில் ஆண்டர்ஸ் எரிக்சன் 1993-இல் வெளியிட்ட கட்டுரை புகழ்பெற்றது. பெர்லினில் வயலின் மாணவர்களை ஆராய்ந்த அவர், வெறுமனே வாசிப்பதையும் பயிற்சி செய்வதையும் பிரித்தார். பயிற்சி என்பது பலவீனமான ஓர் இடத்தைத் தேர்ந்து, உடனடித் திருத்தத்தோடு, திரும்பத் திரும்பச் செய்வது. போக்கரில் ஆடுவது வாசிப்புக்கு ஈடு. பயிற்சி மேசைக்கு வெளியேதான் நடக்க முடியும். நேர்மையான பின்னூட்டம் அங்கேதான் கிடைக்கும்.

அது எப்படி இருக்கும்? முதல் வேலை பதிவு. ஆட்டத்தின்போது குழப்பம் தந்த ஆட்டங்களை மட்டும் குறித்துக்கொள்வது: என் சீட்டு, மேசைச் சீட்டு, நடுவில் இருந்த தொகை, எதிராளி கட்டியது, நான் செய்தது, அதற்கு அந்த நொடியில் நான் நினைத்த காரணம். யார் ஜெயித்தார்கள் என்பதை எழுத வேண்டியதில்லை. பெரும் தொகை போன ஆட்டத்தைவிட, விடை தெரியாமல் தவித்த ஆட்டமே படிப்புக்கு உகந்தது.

இரண்டாவது, எதிராளியிடம் இன்ன சீட்டு என்று ஊகிப்பதை நிறுத்திவிட்டு, இருக்கக்கூடிய சீட்டுகளின் தொகுப்பாக நினைக்கப் பழகுவது. ஆட்டக்காரர்கள் இதை ரேஞ்ச் என்பார்கள். தொடக்கக் கைகள் மொத்தம் 1,326 விதம். அவற்றில் ஏஸ் ஜோடி 6 விதம், ஏஸும் ராஜாவும் சேர்ந்த கை 16 விதம். உங்கள் கையில் ஓர் ஏஸ் இருந்தால் அவை 3, 12 எனக் குறையும். எதிராளி இந்த இரண்டில் ஒன்றைத்தான் வைத்திருப்பார் என்று தெரிந்தால், ஏஸ்-ராஜாவுக்கான வாய்ப்பு நான்கு மடங்கு. இப்படி எண்ணும் பழக்கம் வந்தபிறகு, ‘அவர் கண்ணைப் பார்த்தேன், ஏஸ் ஜோடிதான் என்று தோன்றியது’ என்ற பேச்சு தானாகக் குறையும்.

மூன்றாவது, விடையைச் சரிபார்ப்பது. செஃபியஸுக்கு அடிப்படையான அதே வகைக் கணக்கைச் சாதாரணக் கணினியில் செய்யும் மென்பொருள்கள் 2015 வாக்கில் விற்பனைக்கு வந்தன. சால்வர் என்று அவற்றைச் சொல்வார்கள். பலர் சால்வரைத் திறந்து விடையைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அது பயன் தராது. ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-இல் செய்த சோதனைகளில், பாடத்தைத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். எனவே முதலில் உங்கள் விடையையும் காரணத்தையும் எழுதுங்கள். பிறகு சால்வரைப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் ஏன் என்று ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள். ஒரு வாரத்துக்கு ஒரே வகை நிலை போதும்.

நான்காவது, உங்களைவிடத் தேர்ந்த ஒருவரோடு பேசுவது. மரியா கொன்னிகோவா உளவியலில் முனைவர் பட்டம் பெற்ற எழுத்தாளர். சீட்டுக்கட்டில் எத்தனை சீட்டு என்றே தெரியாத நிலையில், அனுபவம் மிக்க எரிக் சைடெலிடம் போக்கர் கற்கச் சேர்ந்தார். வாய்ப்பையும் திறமையையும் பிரித்தறிவதே அவர் நோக்கம். 2018 ஜனவரியில் பஹாமாஸில் நடந்த ஒரு போட்டியில் முதலிடம் பெற்று 84,600 டாலர் பரிசு வென்றார். அந்த அனுபவத்தை அவர் 2020-இல் நூலாக எழுதினார். சைடெலின் கண்டிப்பு ஒன்று அதில் முக்கியமானது: துரதிர்ஷ்டத்தால் தோற்ற கதைகளைப் பேசிக்கொண்டிருக்கக் கூடாது, எப்படி யோசித்தாய் என்பதை மட்டும் சொல்ல வேண்டும். பயிற்சித் துணையைத் தேடுகிறவர்கள் இதை முதல் விதியாக வைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாவது, மனநிலை. தோல்வியால் நிதானம் இழந்து ஆடுவதை டில்ட் என்பார்கள். கேரி ஸ்மித்தும் உடன் ஆய்வாளர்களும் பெருந்தொகை ஆன்லைன் மேசைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட கட்டுரையில், அனுபவசாலிகளும்கூடப் பெரிய இழப்புக்குப் பின் எச்சரிக்கை குறைந்து ஆடியதைக் கண்டார்கள். படித்ததெல்லாம் அந்த அரை மணி நேரத்தில் பயனற்றுப் போகும். எவ்வளவு இழந்தால், எவ்வளவு களைத்தால் எழுந்துவிடுவது என்பதை உட்காருமுன் எழுதி வைப்பதும் பயிற்சியில் சேர்ந்ததே.

எல்லையும் எச்சரிக்கையும்

பயிற்சி எல்லாவற்றையும் தந்துவிடும் என்று சொல்வதற்கில்லை. புரூக் மக்னமாரா குழு 2014-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சதுரங்கம் போன்ற ஆட்டங்களில் ஆட்டக்காரர்களுக்கு இடையிலான வேறுபாட்டில் 26 சதவீதத்தையே திட்டமிட்ட பயிற்சியால் விளக்க முடிந்தது. அது பெரிய பங்கு. ஆனால் முழுப் பங்கல்ல.

பணத்தைப் பற்றியும் நேராகச் சொல்ல வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்திலிருந்தும் மேசை நடத்துபவர் ஒரு பங்கு எடுத்துக்கொள்வதால், ஆடுபவர்களின் மொத்தக் கணக்கு எப்போதும் நஷ்டம்தான். தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் பட்டியலில் வைத்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவை திறமை ஆட்டங்கள் என்று கூறி அந்தப் பட்டியலை நீக்கியது. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, திறமையா அதிர்ஷ்டமா என்று பிரிக்காமல் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்கிறது. ஆன்லைன் சீட்டாட்டத்தில் சேமிப்பையும் உயிரையும் இழந்தவர்களின் குடும்பங்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. போக்கரில் திறமை உண்டு என்ற உண்மை, நம்மிடம் அது இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது. மேலே போட்ட கணக்கின்படி, அது தெரிய வருவதற்குள் சேமிப்பு கரைந்துவிடலாம். இங்கே சொன்ன ஒவ்வொரு பயிற்சியையும் பந்தயமாக ஒரு ரூபாய்கூட வைக்காமல், சீட்டுக்கட்டும் நோட்டும் சால்வரும் கொண்டு செய்யலாம். அப்படியே செய்யுங்கள்.

போக்கர் ஆடாதவர்களுக்கும் இதில் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. நிலத்தில் எதை விதைப்பது, எந்தச் சிகிச்சைக்கு ஒப்புவது, எந்த வேலையை விட்டு எதில் சேர்வது என்பவற்றிலும் நல்ல தீர்மானம் தோற்கலாம், மோசமான தீர்மானம் ஜெயிக்கலாம். விளைவு வந்தபின் நம் நினைவு அதற்கேற்றபடி காரணங்களை மாற்றி எழுதிவிடும். ஆகவே அடுத்த பெரிய தீர்மானத்தை எடுக்கும் அன்றே மூன்றை ஒரு தாளில் எழுதி வையுங்கள்: என்ன தெரிந்திருந்தது, என்னென்ன நடக்கலாம் என்று எண்ணினீர்கள், ஏன் இதைத் தேர்ந்தீர்கள். ஆறு மாதம் கழித்து, என்ன நடந்ததோ அதைக் கொண்டு உங்களை மதிப்பிடாமல், அந்தத் தாளைக் கொண்டு மதிப்பிடுங்கள். தாளில் இருக்கும் பிழையைத் திருத்த முடியும். விழுந்த சீட்டைத் திருத்த முடியாது.